இடது பின் சக்கரத்துச் சத்தம்

எங்கள் காரின் சத்தம் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்பிரிங்வெளி ரோட்டில் மேல் வளைவில் நான் திரும்பும்போதே கீழ் லயத்து வீடுகளில் “கிளாக்கரய்யா வண்டி வருது” என்று சொல்லிவிடுவார்கள். தோட்டத்து மேனேஜர் பெரிய தொரையின் ஜீப் சத்தம் கேட்டால் மலையில் கொழுந்து பறிப்பவர்களின் கை வேகமாகும். என் வண்டிச் சத்தம் கேட்டால் சிரிப்பார்கள். பள்ளத்தில் இறங்கினால் ‘கடக்’, ஏறினால் ‘கடக்’, இரண்டுக்கும் நடுவில் காய்ந்த ரப்பர் முனகுகிற ஒரு ‘கீச்’. எல்லாம் இடது பக்கப் பின் சக்கரத்திலிருந்து வந்தது. ஜப்பானில் யாரோ பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிக் களைத்து அனுப்பிய வேகன் அது. நான் வாங்கும்போது சத்தமில்லாமல்தான் இருந்தது. எங்கள் ரோடு இரண்டே மாதத்தில் அதைப் பேச வைத்துவிட்டது.

நான் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். கணக்கு எழுதுவது பாதி வேலை. மீதி வேலை பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எங்கள் தொரைக்குத் தமிழ் வராது. அவர் கோபத்தில் கலந்து கொட்டுகிற சிங்களமும் இங்கிலீசும் ஆட்களுக்கு முழுசாகப் புரியாது. நடுவில் நான் நிற்பேன். “இந்தச் சோம்பேறிகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பு” என்று அவர் கத்தினால், “இன்னும் கொஞ்சம் வெரசா முடிச்சா நல்லா இருக்கும்னு தொரை நினைக்கிறாரு” என்பேன். அந்தப் பக்கத்திலிருந்து “இந்த ஆளெல்லாம் வெளங்குவானா?” என்று வந்தால், “ஐயாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள்” என்று தொரையிடம் சொல்வேன். தொரை சந்தோஷமாகத் தலையாட்டுவார். என் காலத்தில் எங்கள் தோட்டத்தில் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

அந்தத் திறமையைத்தான் வீட்டிலும் காட்டினேன்.

வீட்டில் என் மனைவியும் என் தங்கையும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். மனைவி பதுளை டவுனில் டீச்சர். தங்கை அங்கேயே ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். அம்மா அப்பா போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். இரண்டு பேரும் நல்ல மாதிரித்தான் இருந்தார்கள், நான் கார் வாங்குகிற வரைக்கும். கார் வந்த அன்று கோவில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து முடித்ததும் தங்கை ஓடிப்போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். மனைவி அர்ச்சனைத் தட்டோடு கதவருகில் நின்றாள்.

“பரவால்ல, நீயே உக்காரு. நான் பஸ்ல வந்துக்கறேன்” என்றாள்.

“காரு வந்த மொத நாளே பேச்சு மாறிப் போச்சே அண்ணி” என்றாள் தங்கை.

அவ்வளவுதான். இரண்டு வரி. அன்றிலிருந்து எட்டு மாதம் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. முன் சீட்டில் இருவருமே உட்காரவில்லை. அதில் மரக்கறிப் பை உட்கார்ந்தது. காலையில் இருவரையும் டவுனில் இறக்கிவிட்டு எட்டு மணிக்குள் நான் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் தனியாக முன்னால். டவுனில் இரண்டு தடவை ஆட்கள் வாடகை வண்டி என்று நினைத்துக் கையைக் காட்டி நிறுத்தி, “ஹாலி எல போக என்னா கேப்பீங்க?” என்று விசாரித்திருக்கிறார்கள். ஒரு தடவை கோபத்தில் ஒரு தொகை சொல்லியும் விட்டேன்.

வீட்டில் பேச்சு என் வழியாகப் போய் வந்தது. அடுத்தடுத்த அறையில் இருப்பார்கள். நடுவில் நான் இருப்பேன். “உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க” என்று ஒரு பக்கம் தொடங்கும். “அண்ணே, அவங்ககிட்ட சொல்லுங்க” என்று மறு பக்கம் தொடங்கும். அது காதில் விழாத மாதிரி மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பது முறை. உண்மையில் பாதி காதில் விழுந்தும் இருக்கும். ஆனாலும் நான் சொன்னதுதான் கணக்கு. அதனால் தேவையான இடத்தில் கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொல்வேன். என்னைக் கேட்டால் அந்த எட்டு மாதமும் வீடு உடையாமல் நின்றது என் நாக்கினால்தான்.

இப்படி இருக்கும்போது தங்கைக்கு அப்புத்தளையில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், ரயில்வேயில் வேலை. முகூர்த்தம் குறித்தாயிற்று. எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. பெண்ணுக்கு அண்ணிதான் கூறைச்சேலை கட்டிவிட வேண்டும், தலையில் பூ வைத்துவிட வேண்டும். பேசாத ஒருத்தி பேசாத ஒருத்திக்கு எப்படிச் சேலை கட்டிவிடுவாள்? மடிப்புக்கு மடிப்பு நான் நடுவில் நின்று “கொஞ்சம் திரும்பச் சொல்றாங்க” என்று சொல்ல முடியுமா? அதைவிட, இப்படியே அவள் இந்த வீட்டை விட்டுப் போய்விட்டால் பிறகு எப்போது சேருவார்கள்? இதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது கவலை கார். மணப்பெண் அப்புத்தளைக்கு இதில்தான் போக வேண்டும். பூ ஜோடித்த கார் கடக் கடக் என்று மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றால் என் மானம் என்னாவது? இருவரையும் பேச வைப்பது என் கையில் இல்லை. காரைச் சரி செய்யலாம் அல்லவா?

ஆச்சரியம் என்னவென்றால், அந்த யோசனையை இருவருமே விரும்பவில்லை.

“எதுக்குங்க இப்ப? ஓடுதுல்ல” என்றாள் மனைவி.

அரை மணி நேரம் கழித்துத் தங்கை தனியாக வந்து, “அண்ணே, கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு. வண்டியப் பொறவு பாத்துக்கலாம்” என்றாள். எட்டு மாதத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அதையும் நான் கவனிக்காமல் விட்டேன். இன்னொன்றையும் விட்டேன். புது ரோடு போட்ட பிறகும், “பழைய தோட்டத்து ரோட்டுலயே போங்க, அதுதான் கிட்ட” என்று இருவரும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ரோட்டில் கல்லைத் தவிர வேறொன்றும் கிடையாது.

டவுனுக்கு வெளியே ஒரு கராஜ் இருக்கிறது. எங்கள் பக்கம் கைவேலைக்காரர் எல்லோரையுமே ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பாஸ் கொஞ்சம் விசித்திரமான ஆள். நான் போய், “பின்னால சத்தம் கேக்குது பாஸ்” என்றதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எப்படிச் சத்தம்? செஞ்சு காட்டுங்க.”

“டொக் டொக்குனு...”

“டொக்கா, கடக்கா?”

“கடக்.”

“ஒத்தக் கடக்கா, ரெட்டக் கடக்கா?”

அங்கே டயருக்குக் காற்றடிக்க வந்த நாலு பேர் முன்னிலையில், தோட்டத்து ஆபீசில் கௌரவமாக வேலை பார்க்கிற நான், கடக், கட-கடக், கீச் என்று மூன்று விதமாகவும் செய்து காட்டினேன். பாஸ் கண்ணை மூடிக் கேட்டார். ஒருவர் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அவருடைய வண்டிக்கும் இதே வியாதியாம்.

பிறகு பாஸ் வண்டியைத் தனியாக ஓட்டிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. இது எப்போதும் நடப்பதுதான். டாக்டரிடம் போனால் இருமல் நின்றுவிடும்.

“வழக்கமா பின்னால யாரு உக்காருவாங்க?”

“வீட்டுக்காரியும் தங்கச்சியும்.”

“அந்தப் பாரம் வேணும். கூட்டிக்கிட்டு வாங்க.”

சனிக்கிழமை அழைத்துப் போனேன். இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினார்கள். பாஸ் டிக்கியைத் திறந்து, உள்ளே சுருண்டு படுத்து, காதைத் தரையில் வைத்துக்கொண்டு, “மூடுங்க. பழைய ரோட்டுல ஒரு நடை போய்ட்டு வாங்க” என்றார். மூடினேன். அந்தக் கல் ரோட்டில் வண்டி கடக் கடக் என்று இறங்கி ஏறியது. ஒரு மனிதரை டிக்கியில் போட்டுக்கொண்டு டவுன் வழியாகத் திரும்பி வரும்போது போலீஸ்காரர் ஒருவரைக் கண்டு எனக்கு வியர்த்துவிட்டது. நல்லவேளை, அவர் கொய்யாப்பழம் வாங்குவதில் மும்முரமாக இருந்தார்.

பாஸ் தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தார். பின் சீட்டை ஒரு பார்வை பார்த்தார். என்னைத் தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னார்.

“ஐயா, பின்னால ரெண்டு சத்தம் இருக்கு. ஒண்ணு லிங்க். அத நான் பாத்துக்கறேன். மத்தது நம்ம வேலை இல்ல.”

“மத்தது என்ன? ஷாக்கா?”

“இல்லீங்க. அது நல்ல சத்தம்தான். ஓடட்டும்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கராஜ்காரர்கள் இப்படித்தான் மர்மமாகப் பேசி வேலையைப் பெரிதாக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் குறுக்கே வளைந்த ஒரு இரும்புக் கம்பி. ஸ்டெபிலைசர் பார் என்றார். வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதானாம். அந்தக் கம்பியை வண்டியின் உடம்போடு சேர்த்துப் பிடிக்க இரண்டு ரப்பர் புஷ். இரண்டு முனையிலும் ஒரு சாண் நீளத்துக்கு லிங்க் என்ற இணைப்புக் கம்பி. என் புஷ் தேய்ந்து, கம்பி நின்ற ஓட்டை நீளவாட்டில் இழுபட்டுக் கிடந்தது. லிங்கின் நுனிக் குண்டில் கிரீஸ் காய்ந்து, கையால் ஆட்டினாலே கடக் என்றது. இத்தனை மாதம் என்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்த சாமான் அதுதான். பார்க்க ஒன்றுமேயில்லை.

கழற்றத்தான் நேரமெடுத்தது. நட்டைத் திருகினால் உள்ளே குண்டும் சேர்ந்து சுற்றியது. நுனியில் சாவி போட்டுப் பிடிக்கிற ஓட்டையும் துருவில் மழுங்கிவிட்டிருந்தது. பாஸ் எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், ஜப்பான்காரரைத் திட்டினார், பிறகு என்னைத் திட்டினார். கடைசியில் கிரைண்டர் வைத்து அறுத்தார். புதுப் புஷ்ஷுக்கு எஞ்சின் ஒயில் போட்டால் ரப்பர் உப்பிவிடும் என்று சவுக்காரத் தண்ணீர் தடவி ஏற்றினார். ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசும் ஆகாது என்று இரண்டு பக்கமும் மாற்றினார். நட்டுகளைப் பாதி முறுக்கோடு விட்டு, ஜாக்கியை இறக்கி, வண்டி நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கைக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போலக் கிளம்பினோம். அன்று காலை மனைவி எனக்கொரு சேதி கொடுத்திருந்தாள். “உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. முக்கா மணி நேரம் பாத்ரூமுக்குள்ள இருந்தா டேங்க்கில தண்ணி மிஞ்சாது.” நான் அதைத் தங்கையிடம், “ரொம்ப நேரம் தண்ணியில நின்னா உனக்குச் சளி புடிக்கும்னு அண்ணி கவலப்படுறா” என்று கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். நல்ல வேலை செய்தோம் என்ற திருப்தி எனக்கு.

மரக்கறிப் பை முன்னால். அவர்கள் பின்னால். பழைய ரோட்டில் இறங்கினோம். முதல் பள்ளம் வந்தது. கடக் இல்லை. இரண்டாவது பள்ளம். கீச் இல்லை. காரின் உள்ளே என் மூச்சு எனக்கே கேட்டது.

மூன்றாவது பள்ளத்தில், எனக்குப் பின்னாலிருந்து, வண்டிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரலில், என் தங்கை தெளிவாகச் சொன்னாள்:

“இன்னைக்குச் சளி புடிக்குமாம் அண்ணி!”

“அய்யோ! தண்ணி டேங்க் சளியாயிருச்சா?” என்று என் மனைவி சிரித்தாள். “நேத்து நீ சொன்னது எனக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? குழம்புல உப்புக் கூடன்னு தானே சொன்ன? ‘குழம்பு எடுப்பா இருக்குங்கறா’ன்னு வந்து நிக்கிறாரு மனுசன்.”

இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். பிறகு சட்டென்று நின்றது. சத்தம் இல்லாததை அப்போதுதான் கவனித்திருக்கிறார்கள். கண்ணாடியில் பார்த்தேன். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கையின் தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

“எத்தன நாளா நடக்குது இது?”

“மூணு மாசமாச்சுண்ணே.”

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. மூன்று மாதமாக நான் சோறு இறங்காமல் கிடக்கிறேன், இவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சேதியைக் கொடுத்துவிட்டு, அது என்ன வேஷத்தில் வந்து சேர்ந்தது என்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். “என்னைப் பாத்தா கோமாளியாத் தெரியுதா? ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து நான் மாடா ஒழைக்கிறேன்” என்று கத்தினேன்.

மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“இருங்க. சண்டை போட்ட அன்னைக்கு ராத்திரி இவ உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்புனா?”

எனக்கு ஞாபகம் இருந்தது. தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அழுதுகொண்டே, ‘நான் பேசினது தப்பு, அண்ணிகிட்ட மன்னிச்சுக்கச் சொல்லுங்க’ என்று சொல்லியிருந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை, எதற்கு இவ்வளவு இறங்கிப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் மனைவியிடம் போய், ‘அவ ஒண்ணும் மனசுல வச்சுக்கல’ என்று சொன்னேன்.

“தப்பு செஞ்சவ மனசுல வச்சுக்கலையாமா!” என்றாள் மனைவி. “அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இருக்கே. மறுநாள் நானே மனசு கேக்காம, முன் சீட்டுல அவளே உக்காரட்டும், சின்னப் பொண்ணுதானேன்னு சொல்லி அனுப்புனேன். நீங்க என்ன சொன்னீங்க?”

“‘உனக்கு எங்க பிரியமோ அங்க உக்காரச் சொன்னாங்க’ன்னு வந்து சொன்னாரு” என்றாள் தங்கை. “எங்கயோ போய்த் தொலைன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன் அண்ணே.”

மூன்று மாதத்துக்கு முன் ஒரு பெரிய பள்ளத்தில் தங்கையின் தலை கண்ணாடியில் இடித்ததாம். மனைவி தன்னை மறந்து “அடி பட்டிருச்சாடி?” என்று கேட்டுவிட்டாளாம். “மன்னிப்புக் கேட்டும் பேசாதவங்க இப்ப எதுக்குக் கேக்கறீங்க?” என்று தங்கை. “நீ எப்ப கேட்ட?” என்று மனைவி. இவ்வளவும் அந்தக் கடக் கடக்குக்குள் நடந்திருக்கிறது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்திருக்கிறேன்.

“அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“சொன்னா அதையும் மாத்திருவீங்க” என்றாள் மனைவி.

வண்டியை எடுத்தேன். டவுன் வரைக்கும் அவர்கள் தாராளமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள், ரவிக்கைக்கு என்ன கரை, பந்திக்கு எத்தனை பாயசம் என்று. ஐந்து மாதம் என்னால் இழந்த பேச்சு அது. எனக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மனைவிதான் கூறைச்சேலை கட்டிவிட்டாள். உள்ளே இருவரும் ஒருவரை ஒருவர் அதட்டுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவளை மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் கிளம்புகிற நேரம், அப்புத்தளை முழுக்க மூடுபனி. தங்கை வெளியே வந்து நின்றாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: “நல்லபடியா இரும்மா. பெரியவங்க சொல்றதக் கேட்டு நட.” அவள் தலையாட்டினாள். பிறகு மனைவியைக் கட்டிப்பிடித்து அவள் காதில் ஏதோ நீளமாகச் சொன்னாள். இருவரும் அழுதார்கள்.

தியத்தலாவை தாண்டுகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன்.

“என்ன சொன்னா?”

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“மாத்தாமச் சொல்லணுமா?”

“மாத்தாமச் சொல்லு.”

“‘அண்ணன் ஊரு பேச்சையெல்லாம் தூக்கிட்டுத் திரியுறாரு. அவரு பேச்சுன்னு ஒண்ணு இதுவரைக்கும் எனக்கு வந்து சேரல. போற நேரத்துலயாவது வரும்னு பாத்தேன். அதுவும் தொரை சொல்லி அனுப்புன மாதிரியே இருந்துச்சு’ன்னு சொன்னா.”

ரோட்டோரமாக நிறுத்தினேன். மனைவி தன் போனை எடுத்து நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள். மணி இரண்டு தடவை அடித்ததும் தங்கை எடுத்தாள். பின்னால் கல்யாண வீட்டு இரைச்சல்.

“அண்ணி, சொல்லுங்க.”

“நான்தாம்மா. நீ இல்லாம அந்த வீட்டுக்குள்ள போகவே எனக்குப் புடிக்கல. ஒன்ன அனுப்பவே எனக்கு மனசில்ல.”

அந்தப் பக்கம் கல்யாண இரைச்சல் குறைந்தது; தள்ளிப் போய் நின்றிருப்பாள்.

“அண்ணி சொல்லச் சொன்னாங்களா?”

“இல்லம்மா. இது நான் சொல்றது.”